பாட்டு ஓடாத குமிழ்: டிஜிட்டல் ஜூக்பாக்ஸ் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் விதம்

மைக் செட் போடுபவர்களிடம் இப்போது பாட்டுப் பெட்டி என்றால் பெரும்பாலும் ஒரு கணினிதான். உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை பலகை ஒன்று, ஆயிரக்கணக்கான பாட்டுகள் ஏற்றிய மெமரி கார்டு, பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு தொடுதிரை, பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தால் டிஜிட்டல் ஜூக்பாக்ஸ் தயார். குமிழைத் திருகினால் சத்தம் கூடும், குறையும். பார்க்கப் பழைய ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகைப் போலவேதான் இருக்கும். ஆனால் இந்தக் குமிழுக்குள் பாட்டு ஓடுவதே இல்லை. “ஒரு படி கூட்டு”, “ஒரு படி குறை” என்று கணினிக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. உண்மையில் சத்தத்தைக் குறைப்பது வேறோர் இடத்தில் நடக்கிறது. தொண்டி, தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன் வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை நீளும் நம் ராமநாதபுரம் கடற்கரையில் இந்த மாற்றம் பெரிய வரம். காரணம் உப்புக்காற்று.

முதல் ஜூக்பாக்ஸுக்கு இந்தக் கவலையே இல்லை. 1889 நவம்பர் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மதுக்கடையில் லூயிஸ் கிளாஸ் என்பவர் காசு போட்டால் பாடும் எடிசன் ஃபோனோகிராஃபை வைத்தார். அதில் கேட்பதற்கு நான்கு குழாய்கள் இருந்தன. காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் வந்த பிறகுதான் எவ்வளவு சத்தம் வைப்பது என்ற கேள்வியே பிறந்தது.

பழைய வால்யூம் திருகைப் பிரித்தால் உள்ளே லாட வடிவில் கரிப்பூச்சுப் பாதை ஒன்று இருக்கும். அதன்மேல் ஓர் உலோகத் தொடுகை வழுக்கிச் செல்லும். பாட்டின் மின்சமிக்ஞை பாதையின் ஒரு முனையில் நுழைகிறது. மறுமுனை எர்த்தில் இருக்கிறது. தொடுகை எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற பங்கு மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. இந்தப் பாதையின் கரிப்பூச்சு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. நம் காது அப்படி. சத்தம் இரண்டு மடங்கானது போலத் தோன்ற வேண்டுமானால் ஆற்றலை ஏறக்குறைய பத்து மடங்காக்க வேண்டும். சீரான பாதை போட்டால் திருகின் தொடக்கத்திலேயே சத்தம் குபீரென்று ஏறிவிடும்; அதற்குப் பிறகு எவ்வளவு திருகினாலும் பெரிய மாற்றம் தெரியாது. அதனால்தான் கடையில் வால்யூமுக்கென்று கேட்டால், காதுக்கேற்பத் தொடக்கத்தில் மெல்ல ஏறும்படி பூச்சுப் போட்ட லாக் பாட் என்ற திருகைத் தருகிறார்கள்.

சரி, உப்பு இதை என்ன செய்கிறது? அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத் துகளாகி ஊருக்குள் வருகின்றன. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் இருந்தாலே போதும். ஆகவே, வெயில் கொளுத்தும் பகலிலும் நம் ஊரில் உப்புப் படிந்த உலோகம் முழுதாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படலத்தில் உள்ள குளோரைடு, உலோகத்தின் இயற்கையான காப்பு அடுக்கைத் துளைத்து உள்ளே போகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைத் திறந்தவெளியில் வைத்து அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தக் காற்றுக்காகத்தான்.

வால்யூம் திருகில் அரிப்பு விழுந்தால் தொடுகைக்கும் பாதைக்கும் நடுவே மின்தடை நிலையாக இருக்காது. திருகும்போது அது தாறுமாறாகத் தாவும். பாட்டே அந்த இடத்தின் வழியாகத்தான் போகிறது என்பதால் ஒவ்வொரு தாவலும் ஆம்ப்ளிஃபயரில் பெருகி, குழாய் ஸ்பீக்கரில் “கரகர” என்று வெளியே வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் அடங்கும். அப்புறம் திரும்ப வரும். மருந்தோடு உள்ளேயிருந்த கிரீஸும் கழுவப்பட்டிருந்தால் முன்பைவிட வேகமாகத் தேயும்.

டிஜிட்டல் பெட்டியில் இந்தத் திருகுக்குப் பதிலாக ரோட்டரி என்கோடர் இருக்கிறது. அதற்குள் இரண்டு சிறு சுவிட்சுகள். தண்டு சுழலும்போது இரண்டும் மாறி மாறித் திறந்து மூடுகின்றன; ஆனால் ஒரு முறை திறந்து மூடும் சுழற்சியில் கால் பங்கு அளவுக்கு ஒன்று மற்றதற்குப் பின்தங்கி வருகிறது. இரண்டின் நிலையையும் சேர்த்து எழுதினால் ஒரு திசையில் 00, 01, 11, 10 என்று வரும். எதிர்த்திசையில் திருகினால் அதே வரிசை தலைகீழாகும். எந்தச் சுவிட்ச் முந்துகிறது என்று பார்த்தே கணினி திசையைத் தெரிந்துகொள்கிறது. சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் ஒரு முழுச் சுற்றுக்கு 20 “கிளிக்” இருக்கும்.

இந்தச் சுவிட்சுகளும் உலோகம்தான். அவற்றையும் உப்பு பிடிக்கும். போதாததற்கு, எந்தச் சுவிட்சும் மூடும்போது ஒரே அடியாக மூடுவதில்லை. சில மில்லிவினாடிகள் துள்ளித் துள்ளித்தான் அமரும். கணினி வேகமானது, ஒவ்வொரு துள்ளலையும் ஒரு திருகலாக எண்ணிவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு சுவிட்சுக்கும் 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் போடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிவினாடி அளவுக்கான அதிர்வுகளை விழுங்கிவிடும். மிச்சத்தை நிரல் பார்த்துக்கொள்ளும். வரிசைப்படி 00-க்கு அடுத்து 01 அல்லது 10 தான் வர முடியும். திடீரென்று 11 வந்தால் அது பொய் என்று தள்ளிவிடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பழைய திருகில் அழுக்கு பாட்டோடு கலந்துவிடும். பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. இங்கே அழுக்கு ஒரு தப்பான எண்ணாக வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. என்கோடர் முற்றிலும் துருப்பிடித்தால் சத்தத்தை மாற்ற முடியாமல் போகலாம். பாட்டு மட்டும் சுத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். தொடுகையே இல்லாமல், தண்டின் முனையில் சிறு காந்தமும் எதிரே அதை உணரும் சில்லும் (சிப்) கொண்ட வகையும் உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் பாம்பன் காற்றுக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய திருகுக்கு முனை உண்டு. அது எங்கே நிற்கிறது என்று கையே சொல்லும். என்கோடர் முடிவில்லாமல் சுற்றும். பெட்டியை அணைத்துப் போட்டால் சத்தம் எந்த அளவில் தொடங்கும் என்பது நிரல் எழுதியவர் கையில் இருக்கிறது. முழு அளவில் தொடங்கினால் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் கருகலாம். பக்கத்தில் நிற்கிற குழந்தையின் காதும் பாதிக்கப்படலாம். எப்போதும் தாழ்ந்த அளவில்தான் தொடங்க வேண்டும். ஒரே வீச்சில் எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் ஏற்றத்துக்கு ஒரு வேக வரம்பும் வைக்க வேண்டும்.

இனி, குமிழ் சொன்ன எண்ணைக் கொண்டு சத்தத்தைக் குறைப்பது யார்? எளிய வழி, கணினியே பெருக்கல் செய்வது. குறுந்தகட்டுத் தரப் பாட்டில் இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வினாடிக்கு 44,100 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 16 பிட். அதாவது ஒலியலையின் உயரம் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. எல்லா எண்களையும் பாதியாக்கினால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். கூடவே ஒரு பிட் நுணுக்கமும் போகும். 40 டெசிபல் குறைக்க நூறால் வகுக்க வேண்டும். அப்போது 65,536 படிகளில் ஏறத்தாழ 655 தான் மிஞ்சும். மெல்லிய நாதஸ்வர இழைவு அந்தப் படிகளில் சொரசொரவென்று ஆகிவிடும்.

இதற்கு மருந்து உண்டு. எண்களை 24 பிட் பாதையில் அனுப்பினால் கீழே 8 பிட் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. 48 டெசிபல் வரை இறக்கினாலும் பாட்டின் நுணுக்கம் அந்த இடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இன்னொரு சிக்கல் அப்படியே நிற்கிறது. எண்களை மின்னழுத்தமாக மாற்றும் டிஏசி என்ற சில்லுக்கென்று சொந்தமாக ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. கணினியில் பாட்டைக் குறைத்தால் பாட்டு மட்டுமே குறையும். இரைச்சல் இருந்த அளவிலேயே இருக்கும். அப்புறம் ஆம்ப்ளிஃபயரில் முழுதாகத் திறந்தால் இரண்டும் சேர்ந்து பெருகும். நம் ஊரில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் இதை மறைக்கவே மறைக்காது. ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபலைத் தாண்டும் குழாய்கள் சாதாரணம். இரண்டு பாட்டுகளுக்கு இடையில் கேட்கும் அந்த “ஸ்ஸ்ஸ்” பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்.

எனவே, கணினியையும் டிஏசியையும் முழு அளவுக்குப் பக்கத்தில் ஓடவிட்டு, அதற்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் குறைப்பதுதான் நல்ல வழி. பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து குறையும். இதற்கென்றே சில்லுகள் இருக்கின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸின் பிஜிஏ2311 ஓர் எடுத்துக்காட்டு. கணினி ஓர் எண்ணை அனுப்பினால், அது அரை டெசிபல் படிகளில், 31.5 டெசிபல் ஏற்றத்திலிருந்து 95.5 டெசிபல் இறக்கம் வரை சமிக்ஞையை மாற்றும். ஒலியலை உச்சியில் இருக்கும்போது அளவை மாற்றினால் “டிக்” என்று ஒரு வெட்டு கேட்கும். இந்தச் சில்லு ஒலியலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணம் வரை காத்திருந்து மாற்றுகிறது. அதனால் வெட்டு காதில் விழுவதில்லை.

இன்னொரு வழி ரிலே ஏணி. ரிலே என்பது மின்சாரம் கொடுத்தால் தானே மாறும் சுவிட்ச். ஆறு ரிலேக்கள், ஒவ்வொன்றோடும் இரண்டு மூன்று மின்தடைகள். முதல் ரிலே 1 டெசிபல் குறைக்கும், அடுத்தடுத்தவை 2, 4, 8, 16, 32. இவற்றைச் சேர்த்துச் சேர்த்து 0 முதல் 63 வரை எந்த அளவையும் கொண்டுவரலாம். மின்தடைகள் பாட்டின் குணத்தைக் கெடுப்பதில்லை. ரிலேயின் தொடுகைகள் அடைத்த கூட்டுக்குள் இருப்பதால் உப்பும் அண்டாது. ஒரே ஒரு நுணுக்கம்: 31-லிருந்து 32-க்குப் போகும்போது ஐந்து ரிலேக்கள் விடுபட்டு ஒன்று பிடிக்க வேண்டும். ஐந்தும் முதலில் விடுபட்டுவிட்டால் ஒரு கணம் முழுச் சத்தமும் வெளியே பாய்ந்துவிடும். அதனால், பிடிக்க வேண்டியதை முதலில் பிடித்து, விட வேண்டியதைப் பிறகு விடும்படி நிரல் எழுதுகிறார்கள். சத்தம் ஒரு கணம் தாழ்வதைக் காது பொறுத்துக்கொள்ளும். பாய்ந்து ஏறுவதைப் பொறுக்காது.

பெட்டியைப் போடும்போதும் அணைக்கும்போதும் வரும் “டப்” ஒலியைத் தடுக்கவும் கடைசியில் ஒரு ரிலேதான். மின்னழுத்தங்கள் நிலைப்படும் வரை சில வினாடிகள் அது வழியை அடைத்து வைக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது வரும் 50 ஹெர்ட்ஸ் “ம்ம்ம்” பெரும்பாலும் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வருவது. சிறு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இரண்டையும் பிரித்துவிடும்.

குமிழைத் தொடாமலே சத்தம் ஏறி இறங்குவதும் உண்டு. முளைப்பாரித் திருவிழாவில் பழைய கும்மிப் பாட்டு ஒன்று ஓடும். அடுத்து நேற்று வந்த சினிமாப் பாட்டு வந்தால் காது கிழியும். ஒவ்வொரு பாட்டும் வேறு வேறு அளவில் பதிவாகியிருப்பதுதான் காரணம். முன்பெல்லாம் மைக் செட்காரர் கை இதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஜூக்பாக்ஸில் ஆள் இல்லை. 2001-இல் டேவிட் ராபின்சன் என்பவர் முன்வைத்த ரீப்ளேகெய்ன் முறை இதைத் தீர்க்கிறது. பாட்டு முழுவதையும் முன்கூட்டியே அலசி, காதுக்கு அது எவ்வளவு உரக்கத் தோன்றும் என்று கணக்கிட்டு, எத்தனை டெசிபல் ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்ற எண்ணைக் கோப்பிலேயே எழுதி வைக்கிறது. பாட்டின் எண்கள் மாறுவதில்லை. ஓட்டும்போது அந்தத் திருத்தம் சேர்கிறது. எல்லாப் பாட்டுகளையும் ஒரு முறை இப்படி அலசி வைப்பது, புது ஸ்பீக்கர் வாங்குவதைவிடப் பயனுள்ள வேலை என்பது என் கருத்து.

எவ்வளவு சத்தம் போதும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 105 டெசிபல் தரும் ஒரு வாட், 64 மீட்டரில் 69 டெசிபலாக நிற்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45. அதாவது தெருவுக்கு ஒரு வாட்டே அதிகம். இருட்டிய பிறகு இன்னும் அதிகம். சூரியன் இறங்கியதும் மணல்தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. வெப்பக் காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால், மேலே போகவிருந்த ஒலி வளைந்து திரும்பித் தரைக்கே வருகிறது. மாலை ஐந்து மணிக்கு அடுத்த குடியிருப்புக்கு எட்டாத பாட்டு ஒன்பது மணிக்குத் தெளிவாகக் கேட்பது இதனால்தான். விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர்கள் தூங்கும் நேரம் அது.

ஆகவே நல்ல பெட்டியில் நேரத்தைப் பார்த்து உச்ச அளவை இறக்கும் பூட்டு ஒன்றும் இருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், விழாக்களுக்கு மட்டும் அரசு 12 மணி வரை தளர்த்தலாம். நேரப் பூட்டை நிரலில் எழுதுவது சில வரி வேலை. ஆனால் ராஸ்பெரி பையின் நான்காம் தலைமுறை வரை பலகையில் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத இடத்தில் மின்சாரம் போய் வந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் அது மறுபடி எண்ணத் தொடங்கும். ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு என்றால் பத்து மணிப் பூட்டு பதினொன்றரைக்குத்தான் விழும். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைப் பொத்தான் பேட்டரியோடு பொருத்தினால் இந்தத் தொல்லை தீரும். ஆண்டுக்கு ஒரு நிமிட அளவுக்குத்தான் பிசகும். பொருத்திய பிறகு பலகைக்குக் காப்பு வார்னிஷ் அடிப்பதும் நல்லது. பேட்டரி தொடும் தகட்டிலும் மெமரி கார்டு செருகும் வாயிலும் மட்டும் வார்னிஷ் படாமல் டேப் ஒட்டிவிட்டு அடிக்க வேண்டும்.