நஞ்சுக்கொடி விழும்வரை

“புள்ள வந்ததுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல நர்சம்மா. மூணு தடவ முக்குனேன், வந்துருச்சு. அழுத சத்தம் கேட்டதும், அப்பாடா முடிஞ்சிருச்சுன்னு கண்ண மூடிட்டேன்.”

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் ஒரு கடற்கரைக் குடியிருப்பு. அங்கே தன் மூன்றாவது குழந்தையை வீட்டிலேயே பெற்ற தாய் என்னிடம் சொன்னது இது. கடலில் பாசி எடுக்கப் போகிறவர். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. “எழுதுங்க, பேரு மட்டும் போடாதீங்க” என்று அவர் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

இந்தக் கரையில் 19 ஆண்டுகளாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். வீட்டுப் பிரசவம் என்றதும் தலை மாட்டிக்கொள்ளுமோ, கழுத்தில் கொடி சுற்றுமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அவையும் நடப்பவைதான். ஆனால் எனக்கு அதிகம் பயம் தருவது அதற்கு அடுத்த ஒரு மணி நேரம். குழந்தை அழுதுவிட்டது, வீடே சிரிக்கிறது, யாரோ சேனை வைக்கச் சீனி எடுக்க அடுப்படிக்குப் போகிறார்கள். தாயை யாரும் பார்க்காத அந்த நேரம்.

அது ஐப்பசி மாதம், விடாத மழை. கணவர் கடலுக்குப் போயிருந்தார். மத்தியானமே இடுப்பில் வலி பிடித்திருக்கிறது. மாமியார் சீரகத்தண்ணி வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் சீரகத்தண்ணிக்கு அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும் கணக்கு இது. அவருக்கு வலி கூடியது. கூடியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவினார், மூத்த பிள்ளைகள் இரண்டுக்கும் சோறு போட்டுத் தூங்க வைத்தார். பின்னிரவில் பனிக்குடம் உடைந்த பிறகுதான் மாமியாருக்கே தெரிந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு அப்பத்தா இருக்கிறார், 80-ஐத் தொட்டவர். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவர். மழையில் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள்.

அப்பத்தாவின் கை நல்ல கை. இதை மனதாரச் சொல்கிறேன். அவசரப்படுத்தவில்லை, வயிற்றைப் பிடித்து அமுக்கவில்லை. புது பிளேடு வாங்கி வரச் சொல்லி, கொதித்த தண்ணீரில் போட்டெடுத்த நூலால் கட்டித்தான் கொடியை அறுத்திருக்கிறார். குழந்தை பிறந்தபோது மணி நான்கு. பெண் குழந்தை.

“அப்புறம் கீழ சூடா எறங்குச்சு. எறங்கிக்கிட்டே இருந்துச்சு. பனிக்குடத் தண்ணிதான் மிச்சம் வருது போலன்னு இருந்தேன். குளிரெடுத்துச்சு. காது அடைச்சிருச்சு. அத்தை என் பேரச் சொல்லிக் கூப்புடுறது, கடலுக்குள்ள முங்கிக் கெடக்கறப்ப மேல இருந்து யாரோ கூப்புட்ட மாதிரி கேட்டுச்சு. முங்கி எந்திரிக்கத் தெரியும்ல எனக்கு? அன்னைக்கு எந்திரிக்க முடியல.”

அரை மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. அப்பத்தா பழைய வழக்கப்படி தலைமுடியை வாயில் வைத்துக் குமட்டச் சொல்லியிருக்கிறார். குமட்டினால் வயிறு இறுகி நஞ்சு விழும் என்பார்கள். விழவில்லை. கீழே விரித்திருந்த பழைய சேலை நனைந்து, சாக்கும் நனைந்த பிறகு மாமியார் எனக்குப் போன் செய்தார். “மொதல்ல 108-க்குப் போடுங்க. புள்ளையத் தாய் நெஞ்சுல போட்டுப் பால் குடுக்க வைங்க. கொடிய யாரும் இழுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

நான் போனபோது உதடு வெளிறிக் கிடந்தார். நாடி ஓட்டமாக ஓடியது. குழந்தை பிறந்தபின் வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை தேங்காய் போலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். அவருக்குப் பிசைந்த மாவு போலிருந்தது. சிறுநீரை வெளியேற்றி, பையில் இருந்த, கர்ப்பப்பையை இறுக்கும் மிசோப்ரஸ்டால் மாத்திரைகளை நாக்கடியில் வைத்து, வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். 108 வண்டி தார் ரோட்டோடு நின்றுவிட்டது. மணல் பாதை மழையில் புதைந்தது. ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். வண்டியில் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே மயக்கம் கொடுத்து நஞ்சைக் கையால் எடுத்தார்கள். 3 யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தார்.

ஏன் இப்படி ஆனது? நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. நஞ்சு ஒட்டியிருந்த இடம் பிரியும்போது அங்கிருக்கும் ரத்தக்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூட வேண்டியது கர்ப்பப்பையின் தசை. சுருக்கு வலையின் அடிக்கயிற்றை இழுத்தால் வலையின் வாய் மூடுகிறதல்லவா, அதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்கள் இறுகி ரத்தக்குழாய்களை நெரித்துவிடும். நஞ்சு பாதி பிரிந்து பாதி ஒட்டி நின்றால் அந்தச் சுருக்கு இறுகாது. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும், மூத்திரப்பை நிறைந்திருந்தாலும், வலி நெடுநேரம் நீண்டு தசை களைத்திருந்தாலும் அப்படித்தான். அரை லிட்டர் ரத்தம் போனாலே நாங்கள் அபாயம் என்று எடுத்துக்கொள்கிறோம். கவனிக்காமல் விட்டால் தெம்பான பெண்கூட 2 மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில், குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில், கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் போடுகிறோம். நஞ்சு விழுந்ததும் அதைத் தட்டில் விரித்து, துண்டு எதுவும் குறைகிறதா என்று பார்க்கிறோம். முதல் 2 மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம். வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை. அந்த ஒரு ஊசி அப்பத்தாவின் கையில் இல்லை, அவ்வளவுதான். அவருடைய 50 வருஷ அனுபவம் முழுவதும் குழந்தையை வாங்குவதில் இருந்தது. ரத்தம் கொட்டினால் அதை நிறுத்த அவரிடம் எதுவும் இருந்ததே இல்லை.

எங்கள் கரையில் இதோடு தூரமும் சேர்ந்துகொள்ளும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ராமேஸ்வரத்திலிருந்து என்றால் 50-க்கு மேல், நடுவில் பாம்பன் பாலம். சாயல்குடிப் பக்கமும் அதே நிலைதான். வலி வந்த பிறகு கிளம்பலாம் என்றால், அது வண்டி கிடைத்து, மழை விட்டு, ஆண்பிள்ளை கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து வராது.

இனி நான் எழுதக் கஷ்டப்படும் பகுதி. அவர் ஏன் வலியை மறைத்தார்?

“மொதப் பிரசவத்துல வலி தாங்காமக் கத்துனேன். தொடையில ரெண்டு அடி வச்சாங்க. ‘புருஷன்கிட்ட போறப்ப இனிச்சுச்சா’ன்னு கேட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல இருந்தவ பாத்துக்கிட்டே இருந்தா. ரெண்டாவதுக்கும் அங்கதான் போனேன், அடிச்சுருவாங்களேன்னு வாயில துணிய வச்சுக் கடிச்சுக்கிட்டேன். மூணாவதுக்கு, செத்தாலும் வீட்டுல கெடந்து சாவோம்னு தோணிருச்சு.”

அது எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். என்னைப் போல வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி சொன்ன வார்த்தை அது. மருந்து, ஊசி, கட்டில் எல்லாம் அங்கே இருந்தும் ஒரு பெண்ணை அந்த வாசலுக்கு வரவிடாமல் செய்தது அந்த ஒரு வார்த்தை. வீட்டுப் பிரசவத்தைக் கண்டிக்க வரும் எங்கள் துறையினர் முதலில் இதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பிரசவ அறைக்குள் தாயோடு ஒரு பெண் துணை இருக்க நம் அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. அம்மாவோ, அக்காவோ, மாமியாரோ தலைமாட்டில் நிற்கலாம். கேட்டு வாங்குங்கள். யாராவது அடித்தால், கேவலமாகப் பேசினால் 104-க்குப் புகார் சொல்லுங்கள்.

என் பங்கும் இதில் இருக்கிறது. கடைசி இரண்டு பரிசோதனைக்கு அவர் வரவில்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டு பதிவேட்டில் குறித்துவிட்டு விட்டேன். வீடு வரை ஒரு நடை போயிருந்தால் கேட்டிருப்பேன். அவருக்கு ரத்தம் வேறு குறைவு. பாசிக்கு ஏழாம் மாதம்வரை கடலில் இறங்கியவர், சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் நிறுத்தியவர். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தம் நிறைந்த உடம்பு தாங்கும் அரை லிட்டரை இந்த உடம்புகள் தாங்காது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்ற முடியும்.

இப்போது படித்த வீடுகளிலிருந்தும் ஒரு குரல் வருகிறது. மரபுவழிப் பிரசவம், இயற்கைப் பிரசவம் என்கிறார்கள். கைபேசிக் குழுக்களில் காணொளி பகிர்கிறார்கள். 2018-ல் திருப்பூரில் அப்படி யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்த ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். ஆனாலும் இந்தக் குரலில் இருக்கும் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன், தனியாரில் 64. “கத்தி வச்சுருவாங்க” என்ற பயம் வெறும் கற்பனையாகிவிடாது. அதற்கு மருந்து, “ஏன் ஆபரேஷன்?” என்று டாக்டரிடம் கேட்பதும், சுகப்பிரசவம் பார்க்கும் சுகாதார நிலையத்தை முன்கூட்டியே தெரிந்துவைப்பதும்.

“எங்க பாட்டி பத்துப் பெத்தா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா?” என்றும் கேட்பார்கள். பத்துப் பெற்ற பாட்டிதான் கதை சொல்ல மிச்சமிருந்தார். மற்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய நடைபாதை ஓரங்களில் இருக்கும் சுமைதாங்கிக் கற்களைப் பாருங்கள். வயிற்றுச் சுமையை இறக்கிவைக்காமலே செத்துப்போன பெண்ணுக்காக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கட்டும் என்று நட்ட கற்கள் அவை. நம் மரபு அந்தச் சாவுகளை மறைக்கவில்லை, கல் நட்டு நினைவில் வைத்திருந்தது. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் இறந்தார்கள், இந்திய அளவில் 97. அந்த 54-ஐயும் குறைக்கத்தான் நாங்கள் அலைகிறோம்.

எவ்வளவு சொன்னாலும் சில குழந்தைகள் வண்டி வருவதற்குள் வந்துவிடும். அப்போது கதவைத் திறந்து ஆள் கூப்பிட வெட்கப்படாதீர்கள். 108-ஐ அழைத்த பிறகு மற்றது. வயிற்றை அமுக்க வேண்டாம், குழந்தையை இழுக்க வேண்டாம். பிறந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துத் தாயின் வெறும் நெஞ்சின் மேல் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை அறுக்க அவசரமே இல்லை, வண்டியில் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குழந்தை மார்பைச் சப்பும்போது தாயின் உடம்பிலேயே ஆக்ஸிடோசின் சுரந்து கர்ப்பப்பை இறுகும். அதனால் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள், சீனித்தண்ணியும் தேனும் வேண்டாம். நஞ்சு தானாக விழுந்தால் தொப்புளுக்குக் கீழே கெட்டியாகும்வரை தேய்த்துவிடுங்கள், விழுந்த நஞ்சை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். ரத்தத்தைத் துடைத்து மறைக்காதீர்கள், எத்தனை துணி நனைந்தது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

நல்லபடியாகப் பெற்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். கிழிசல் இருந்தால் தைக்க வேண்டும். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, போலியோ சொட்டு, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி எல்லாம் இருக்கின்றன. தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்து குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால், அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வீட்டில் பெற்றதற்காக யாரும் திட்டுவார்களோ என்று ஒளிந்திருக்க வேண்டாம். திட்டினால் என்னைக் கூப்பிடுங்கள் என்றுதான் என் பகுதிப் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அந்தத் தாயின் நாத்தனாருக்குப் பேறுகாலம். வலி கண்ட ஒரு மணி நேரத்தில் ஆட்டோ வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். துணைக்கு உள்ளே நிற்க அவரே பேர் கொடுத்தார். நானும் போயிருந்தேன். நாத்தனாரின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கத்தியபோதெல்லாம் “கத்து தாயி, நல்லாக் கத்து” என்றார். விடியும் நேரத்தில் குழந்தை அழுதது. ஆண் பிள்ளை என்று செவிலியர் தூக்கிக் காட்டினார். அவர் குழந்தைப் பக்கம் திரும்பவில்லை. கீழே இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நஞ்சு முழுசா வந்துருச்சா சிஸ்டர்? விரிச்சுக் காட்டுங்க, பாக்கணும்” என்றார்.