பொருட்கடவேடு: ‘டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல்

ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூர் நிறுவனங்களில் ‘டிபிபி’ என்ற மூன்றெழுத்து இப்போது புழங்கத் தொடங்கியிருக்கிறது. விரித்தால் ‘டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்’. ஒரு பொருள் என்னென்ன மூலப்பொருள்களால் ஆனது, எங்கே எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு காலம் உழைக்கும், பழுதானால் எப்படிச் சரிசெய்வது, கடைசியில் எப்படிப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது ஆகிய செய்திகளைக் கணினி படிக்கத்தக்க வடிவில் வைத்திருந்து, பொருளின்மேல் உள்ள குறியை ஸ்கேன் செய்தவுடன் காட்டுகிற பதிவுக்கு இந்தப் பெயர். ‘டிஜிட்டல் தயாரிப்புக் கடவுச்சீட்டு’ என்று அப்படியே பெயர்த்தாலும் புரியத்தான் செய்யும். ஆனால் அதிலுள்ள ‘சீட்டு’ என்ற சொல் உறுத்துகிறது. அந்த உறுத்தலைப் பின்தொடர்ந்து போனால் இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதும் தெளிவாகிவிடும்.

இச்சொல்லுக்குச் சட்டத்தகுதி தந்தது ஐரோப்பிய ஒன்றியம். பொருள்களை வீசியெறியாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்காக 2020 மார்ச்சில் அது வெளியிட்ட சுழற்சிப் பொருளாதாரச் செயல்திட்டத்திலேயே கருத்து இடம்பெற்றுவிட்டது. 2023இல் நடைமுறைக்கு வந்த மின்கல ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு முதன்முதலாக ஒரு நாளைக் குறித்தது: 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகனங்களின் மின்கலங்களும், மின்மிதிவண்டி, ஸ்கூட்டர் போன்ற இலகு ஊர்திகளின் மின்கலங்களும், 2 கிலோவாட்-மணி அளவுக்கு மேற்பட்ட தொழிற்சாலை மின்கலங்களும் இந்தப் பதிவோடுதான் அங்கே சந்தைக்கு வரவேண்டும். 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த சூழலியல் வடிவமைப்புச் சட்டம் இதைப் பிற பொருள்களுக்கும் விரித்தது. அதன்கீழ் 2025 ஏப்ரலில் வெளியான முதல் வேலைத்திட்டத்தில் இரும்பு, அலுமினியம், டயர், அறைகலன், மெத்தை ஆகியவற்றோடு துணியும் ஆடையும் முன்னுரிமை பெற்றிருக்கின்றன.

சட்டத்துக்கு முன்பே தொழில் உலகம் ‘பாஸ்போர்ட்’ என்ற உருவகத்தைக் கையில் எடுத்திருந்தது. டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் 2011இல் தென்கொரியக் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் ‘டிரிபிள்-ஈ’ வகைப் பெருங்கப்பல்களைக் கட்டக் கொடுத்தபோது, கப்பலின் எந்தப் பகுதியில் என்ன உலோகம் இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஆவணத்துக்கு இந்தப் பெயரையே இட்டது. ஒரு கப்பலில் ஏறத்தாழ 60,000 டன் எஃகு இருக்கும்போது, உடைக்கும் நாளில் தரமான எஃகையும் மட்டமான எஃகையும் ஒன்றாக உருக்கிவிடாமல் தனித்தனியே பிரிப்பதற்கு அந்த ஆவணம் உதவும் என்பது கணக்கு. 2024இல் வால்வோ தன் ‘இஎக்ஸ்90’ மின்காருக்கு மின்கலப் பாஸ்போர்ட் வெளியிட்டது.

இனி ‘பாஸ்போர்ட்’ என்ற சொல்லுக்கு வருவோம். பிரெஞ்சு ‘பாஸ்போர்’ என்பதிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. முதற்பாதிக்குக் ‘கடந்து செல்லுதல்’ என்று பொருள். பிற்பாதி துறைமுகமா, நகர வாயிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கவனிக்க வேண்டியது வேறொன்று: 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் இச்சொல் ஆள்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை, சரக்குகள் தடையின்றிச் செல்வதற்குத் தரப்பட்ட சான்றையும் குறித்தது. ஆகவே சட்டைக்கும் மின்கலத்துக்கும் பாஸ்போர்ட் என்று இன்று சொல்வது புதுமை போலத் தோன்றினாலும், சொல் தன் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் ‘கடவுச்சீட்டு’ நல்ல சொல். ‘கட’ என்ற வேரிலிருந்து வந்த ‘கடவு’ என்பதற்கு வழி, பாதை என்று அகரமுதலிகள் பொருள் தருகின்றன. வேலியில் ஆள் மட்டும் நுழையும்படி விடும் திறப்பைக் ‘கடவை’ என்பார்கள். இலங்கையில் சாலையைக் கடக்கும் இடம் ‘பாதசாரிக் கடவை’. கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியிலுள்ள ‘கிணத்துக்கடவு’ என்ற ஊர்ப்பெயரிலும் இச்சொல் நிற்கிறது. மலையாளத்தில் ‘கடவு’ என்றால் படகு அணையும் துறை. பிரெஞ்சுச் சொல்லின் பிற்பாதி துறையா வாயிலா என்று அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருக்க, நம் பக்கத்துக் ‘கடவு’ இரண்டையும் தனக்குள் வைத்திருக்கிறது. கணினியில் நாம் அன்றாடம் தட்டச்சிடும் ‘கடவுச்சொல்’லும் இதே கடவுதான்.

ஆக, ‘கடவு’ என்ற பாதியை மாற்ற வேண்டியதில்லை. தகவல் பலகை, விவர அட்டை என்றெல்லாம் மென்மையாகப் பெயரிடுவோர் ஒரு செய்தியைத் தவறவிடுகிறார்கள்: உரிய விதிகள் வந்தபின் இப்பதிவு இல்லாத பொருள் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைய முடியாது. விவரம் தருவதோடு வாயிலையும் திறப்பதால் ‘கடவு’ இருந்தே ஆகவேண்டும். துறையில் பண்டத்துக்குக் குறி இடுவது தமிழர் அறியாததும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து இறங்கியவையும் கடலுக்குப் போகவேண்டியவையும் ஆன பண்டங்களுக்குப் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரை ஒரே செய்தியைத்தான் சொல்லும்: இது பார்க்கப்பட்டது, போகலாம். புதிய கருவியோ பொருளின் வரலாறு முழுவதையும் சொல்லக் கடமைப்பட்டது. ‘சீட்டு’ உறுத்துவது இந்த இடத்தில்தான்.

சீட்டு என்பது ஒருவர் கையால் ஒருமுறை எழுதித் தரப்படுவது. பேருந்துச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் அப்படித்தான், கொடுத்தவுடன் எழுதுகிறவரின் வேலை முடிந்துவிடும். மனிதருக்கான பாஸ்போர்ட்டையும் ஓர் அரசு தன் பெயரில் தருகிறது. பொருளுக்கான பாஸ்போர்ட்டைச் சந்தையில் இறக்குபவர் தன் பொறுப்பில் வெளியிட்டாலும், அதிலுள்ள செய்திகளை அவரால் தனியே எழுத முடியாது.

திருப்பூரில் ஒரு டி-சர்ட் உருவாகும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். நூற்பாலையிலிருந்து வரும் நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போய்த் துணி உருளையாகிறது. உருளை சாயப்பட்டறைக்குப் போகிறது, பிறகு துணி பின்னால் சுருங்காதபடி அமுக்கும் காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பல வெவ்வேறு முதலாளிகளின் வெவ்வேறு கட்டடங்களில், கூலிக்குச் செய்து தரும் ‘ஜாப் ஒர்க்’ முறையில் நடக்கின்றன. துணி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு டெம்போவில் ஏறும்போது கூடவே டெலிவரி சலான் என்ற அனுப்புகைத் தாள் ஒன்று போகும். கிலோ எடை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), டயா (உருளைத் துணியின் விட்டம்), நிறம், லாட் எண் (அந்தத் தொகுதியின் எண்) ஆகியவை அந்தத் தாளில் இருக்கும், உருளையின் ஓரத்திலும் அதே லாட் எண்ணைக் குறித்திருப்பார்கள். அடுத்த பட்டறை துணியைப் பெற்றதும் தன் கணக்குக்காகப் புதிய எண் ஒன்றைக் கொடுக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள உறவு மேற்பார்வையாளரின் நினைவிலும், மேசை இழுப்பறையில் கிடக்கும் சலான் கட்டிலும் மட்டும் இருக்கும். எந்தப் பருத்தி எந்தச் சட்டையானது என்ற கேள்விக்கு விடை ஊருக்குள் இல்லாமல் இல்லை, பத்து இழுப்பறைகளில் சிதறிக் கிடக்கிறது. அந்த எண்களை ஒன்றோடொன்று கோத்து, ஒவ்வொரு பட்டறையும் தன் வரியைத் தானே எழுதும்படி செய்வதுதான் இந்தக் கருவியின் வேலை. பலர் கூடி எழுதினாலன்றி அது நிறையாது.

அந்த வரிகளில் என்ன இருக்கலாம் என்பதற்கும் இதே ஊர் சான்று. நொய்யல் ஆற்றிலும் அதன் குறுக்கேயுள்ள ஒரத்துப்பாளையம் அணையிலும் சாயக்கழிவு சேர்ந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை மீண்டும் இயங்கின. கழிவுநீரைச் சவ்வூடு செலுத்தித் தூய்மையாக்கி, மிஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் சாயமிடலுக்கே திருப்பும் வேலை மின்சாரத்தையும் விறகையும் பணத்தையும் விழுங்குகிறது. அந்தச் செலவு துணியில் ஏறியிருக்கிறது, ஆனால் சட்டையின் கழுத்துப்பட்டையில் அளவும் ‘100% காட்டன்’ என்பதும் ‘மேட் இன் இந்தியா’ என்பதும் மட்டுமே தெரியும். கழிவை அப்படியே ஆற்றில் விட்டுச் சாயமிட்ட சட்டையும் அலமாரியில் இதே மூன்று செய்திகளைத்தான் காட்டும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இடம் இருக்கிறது என்பதே இந்தப் பதிவில் திருப்பூருக்கு உள்ள ஆதாயம் என்று நான் கருதுகிறேன். எழுதும் வேலை இங்கே, விலை பேசும் அதிகாரம் அங்கே என்ற பழைய ஏற்பாடு மாறாமல் போனால், இது பட்டறைக்காரரின் தலையில் இன்னொரு படிவமாகவும் முடியலாம்.

பொருள் வாங்குபவர் கைக்குப் போனபின்னும் எழுத்து நிற்பதில்லை. மின்கலத்தின் கொள்ளளவு காலப்போக்கில் எவ்வளவு குறைந்தது என்பதைப் பதிவில் சேர்த்தால்தான், காரில் ஓய்ந்த மின்கலத்தைச் சூரியமின் சேமிப்புக்குப் பயன்படுத்தலாமா, பிரித்துவிடலாமா என்று முடிவெடுக்க முடியும். 2031 ஆகஸ்டு முதல் மின்வாகனங்களுக்கானவை உள்ளிட்ட மின்கலங்களில் மறுசுழற்சியால் கிடைத்த கோபால்ட் 16 விழுக்காடும் லித்தியம் 6 விழுக்காடும் இருந்தாக வேண்டும் என்று அதே மின்கலச் சட்டம் சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பழைய மின்கலங்களைக் குவித்துவைத்து இந்த அளவுகளை எட்டுவது கடினம்.

இப்படிப் பலர் பல காலத்தில் எழுதுவதற்குத் தமிழில் ‘ஏடு’ என்ற சொல் இருக்கிறது. ஓலை இதழைக் குறித்த அச்சொல் நாளேடு, பதிவேடு, கணக்கேடு, குறிப்பேடு என்று அடுத்தடுத்து எழுதிச் சேர்ப்பவற்றுக்கெல்லாம் பொதுவாகிவிட்டது. ‘கடவு’ என்பதையும் ‘ஏடு’ என்பதையும் சேர்த்தால் ‘கடவேடு’. ‘கதவடைப்பு’ என்பதில் உகரம் நீங்கிப் புணர்வதுபோலவே இங்கும் புணர்கிறது. ‘கடவுவேடு’ என்று இடையில் வகரத்தை நுழைக்கத் தேவையில்லை.

‘ப்ராடக்ட்’ என்பதற்குத் ‘தயாரிப்பு’ என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. அது செய்பொருளையும் செய்யும் செயலையும் ஒருங்கே குறிப்பதால், ‘தயாரிப்புக் கடவேடு’ என்றால் தொழிற்சாலைக்கு உரியதோ என்று மயக்கம் வரும். ‘பண்டம்’ பொருளியல் நூல்களில் நன்றாக வாழ்ந்தாலும் பேச்சில் தின்பண்டத்தோடு நெருங்கிவிட்டது. ‘பொருள்’ போதும். பொருட்காட்சி போலப் ‘பொருட்கடவேடு’ என்று புணரும்.

எஞ்சியிருப்பது ‘டிஜிட்டல்’. இலத்தீனில் ‘டிகிட்டுஸ்’ என்றால் விரல். விரல்விட்டு எண்ணியதால் ஒற்றை எண்களுக்கு அப்பெயர் வந்து, பிறகு எண்களால் இயங்கும் கருவிகளுக்கு ஏறியது. தமிழுலகம் இதற்கு ஒரு சொல்லில் இன்னும் கூடவில்லை: இலங்கையில் ‘இலக்கமுறை’, சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’, மலேசியாவில் ‘இலக்கவியல்’, தமிழ்நாட்டில் ஒரு சாரார் ‘எண்ணிமம்’, பெரும்பாலார் ‘டிஜிட்டல்’. ‘மின்னணு’ என்று எழுதுவது மட்டும் பிழை, அது எலக்ட்ரானிக் என்பதற்கு உரியது. முழு வடிவம் வேண்டும் இடத்தில் ‘எண்ணிமப் பொருட்கடவேடு’ என்று எழுதலாம். ஆனால் காகிதத்தில் இதற்கு ஓர் இணை கிடையாது என்பதால், வேறுபடுத்திக் காட்டத் தேவையற்ற அந்த அடைமொழியை விட்டுவிட்டுப் ‘பொருட்கடவேடு’ என்று சுருக்கமாக எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

ஏடு என்றதும் எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துவைத்த பெரிய புத்தகம் என்று எண்ணிவிடக் கூடாது. சூழலியல் வடிவமைப்புச் சட்டத்தின்படி ஐரோப்பிய ஆணையம் 2026 ஜூலை 19க்குள் அமைக்கவேண்டிய நடுவண் பதிவகத்தில் முதன்மையாக அடையாள எண்களே இருக்கும், விரிவான தரவு அவரவரிடமே தங்கும். யாருக்கு எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் வேறுபடும்: வாங்குபவர் பார்ப்பது ஒன்று, பழுதுபார்ப்பவரும் மறுசுழற்சியாளரும் பார்ப்பது இன்னொன்று, சுங்க அலுவலர் பார்ப்பது மற்றொன்று. தனக்கு நூல் தருபவர் யார் என்பதைப் போட்டியாளரிடம் காட்ட எந்த முதலாளியும் உடன்படமாட்டார் என்பதால், இந்த ஏற்பாடு இல்லாமல் கூட்டுப்பதிவு ஓரடியும் நகராது. ஜெர்மன் மோட்டார் தொழில் நிறுவனங்கள் 2021இல் தொடங்கிய ‘கட்டேனா-எக்ஸ்’ தரவுப் பிணையமும், தரவை ஒரே கிடங்கில் கொட்டாமல் கேட்ட அளவுக்கு மட்டும் பகிர்வது என்ற இதே வழியில்தான் கட்டப்பட்டது.

‘டிஜிட்டல் ட்வின்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்வோரும் உண்டு. அது இயந்திரத்தின் நடத்தையைக் கணினிக்குள் நடித்துக் காட்டும் எண்ணிம இரட்டை. கடவேடு நடிப்பதில்லை, நடந்ததைச் சொல்கிறது.

கடவேட்டைத் திறக்கும் சதுரக் குறிக்கு மட்டும் நான் புதுச்சொல் தேடவில்லை. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களைத் தொழிற்சாலைக்குள் பின்தொடர்வதற்காக உருவாக்கிய ‘கியூஆர் கோடு’, தேநீர்க் கடைக் கல்லாவரை வந்து தமிழாகிவிட்டது. தொகைச்சொற்களைப் பொறுத்தவரை, வகைப்பெயர் முன்னால் வரும்போது ‘பொருள்’ தானே உதிர்ந்துவிடும்: மின்கலக் கடவேடு, ஆடைக் கடவேடு, டயர்க் கடவேடு. வேற்றுமை ஏற்கையில் கடவேட்டை, கடவேட்டில், கடவேட்டுக்கு என்று டகரம் இரட்டிக்கும். வினையாக எழுதும்போது ‘கடவேடு வழங்கினார்கள்’ என்பதைவிடக் ‘கடவேட்டில் பதிந்தார்கள்’ என்பதே பொருந்தும்.