வஸ்தாது: சொல் விளக்கம்

குஸ்தி, சிலம்பம் போன்ற போர்க்கலைகளைக் கற்றுக்கொடுப்பவரை வஸ்தாது என்று அழைப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இந்தச் சொல்லை இன்னும் கேட்கலாம். இளையவர்களின் பேச்சில் 'மாஸ்டர்' அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. 'நீ என்ன பெரிய வஸ்தாதா?' என்று சண்டையில் கேட்கும்போது அதே சொல் முரடன், சண்டியன் என்ற பொருளைத் தருகிறது. கற்பிப்பவரைச் சுட்டிய சொல் அடிப்பவரைச் சுட்டும் அளவுக்குத் தேய்ந்திருப்பது வருந்தத்தக்கது. அதன் வரலாற்றை அறிந்தால் இந்த வருத்தம் கூடவே செய்யும்.

இச்சொல்லின் வேர் 'உஸ்தாத்' என்னும் பாரசீகச் சொல். ஒரு கலையிலோ தொழிலிலோ கைதேர்ந்து, அதைப் பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெற்றவர் என்பது அதன் பொருள். தாஜ்மகாலை வடிவமைத்தவராகக் கருதப்படும் அகமது லாகூரியின் பெயருக்கு முன்னாலும், 2001இல் பாரத ரத்னா பெற்ற ஷெனாய்க் கலைஞர் பிஸ்மில்லா கானின் பெயருக்கு முன்னாலும் நிற்பது இதே சொல்தான். அரபு மொழி இதைப் பாரசீகத்திலிருந்து கடனாகப் பெற்று, கடைசி ஒலியைச் சற்று மாற்றி, கல்வி கற்பிக்கும் ஆசிரியருக்கு உரிய சொல்லாக ஆக்கிக்கொண்டது.

தமிழுக்கு இது இரண்டு உருவங்களில் வந்து சேர்ந்தது. மதரசாவில் ஓதிக்கொடுப்பவரை அழைக்கும் 'உஸ்தாத்' என்ற வடிவம் மார்க்கக் கல்வியோடு வந்தது. மதுரை முஸ்லிம்களிடையே அவரை 'அஜ்ரத்' என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. முதலெழுத்து திரிந்த 'வஸ்தாது' தக்காணத்தின் வடிவம். மராத்தியில் குஸ்தி கற்பிப்பவர் வஸ்தாத். தெலுங்கிலும் வஸ்தாது என்ற வடிவம் உண்டு. தமிழ் தன் இயல்புப்படி கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டது. 1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு மதுரைச் சீமையில் ஆர்க்காட்டு நவாபின் படைகளும் மராத்தியப் படைகளும் மாறி மாறி நடமாடின. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட படைத்தலைவர் கான்சாகிபு யூசுப் கானின் அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் இன்றும் இருக்கிறது. சிப்பாய், சுபேதார் முதலிய சொற்கள் தமிழில் வேரூன்றியது அப்படிப்பட்ட படைவீட்டுப் புழக்கத்தில்தான். வஸ்தாதும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. குஸ்தி, பயில்வான் இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை; உடற்பயிற்சியைக் குறிக்கும் கசரத்து அரபிலிருந்து வந்தது. சிலம்பத்தில் ஆட்டம் தொடங்கும் முன் செய்யும் வணக்க முறையாகிய 'சலாவரிசை'யில் சலாம் என்ற சொல் தங்கியிருக்கிறது.

ஆக உஸ்தாத் ஓதிக்கொடுப்பவர், வஸ்தாது கம்பு பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் என்று இரண்டாகப் பிரிந்த ஒரே சொல், தொழுகையையும் போர்க்கலையையும் ஒருசேரக் கைக்கொண்ட ஆசிரியரிடம் மறுபடியும் ஒன்றாகிறது. அப்படிப்பட்டவரின் நாளைத் தொழுகை நேரங்களே வகுக்கின்றன: வைகறைத் தொழுகையாகிய சுபுஹு தொழுதுவிட்டுக் காலைப் பயிற்சி, பிற்பகல் தொழுகையாகிய அசருக்குப் பின் தொடங்கி, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் மாலைப் பயிற்சி. தொப்புள் முதல் முழங்கால் வரை ஆண் மறைக்க வேண்டும் என்பது மார்க்க விதியாகையால், குஸ்திக்கு லங்கோட்டை மட்டும் கட்டிக்கொண்டு இறங்காமல் முழங்காலுக்குக் கீழே வரும் கால்சட்டையை அணியும்படி மாணவர்களுக்குச் சொல்வார். கராத்தேயில் எதிரில் நிற்பவருக்குக் குனிந்து வணங்கும் முறை உண்டு. குனிந்தும் சிரம் பணிந்தும் வணங்குவது இறைவனுக்கு மட்டுமே என்று நம்பும் ஆசிரியர்கள் அதற்குப் பதிலாக வலக்கையை நெஞ்சில் வைத்து மரியாதை செய்யச் சொல்கிறார்கள். சண்டையிடும்போதும் முகத்தில் அடிக்காதீர்கள் என்ற நபிமொழி, நபிமொழிகளைத் திரட்டித் தரும் 'புகாரி', 'முஸ்லிம்' என்னும் தொகுப்புகள் இரண்டிலும் உள்ளது. ஆகவே முகத்தைக் குறிவைக்கும் குத்துச்சண்டையைவிட, பிடித்து வீழ்த்தும் குஸ்தியையே மேலாகக் கருதும் ஆசிரியர்களும் உண்டு.

சொல்லின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய நபிமொழி ஒன்றும் அதே இரு தொகுப்புகளில் இருக்கிறது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துகிறவர் வலிமையானவர் அல்லர், கோபம் வரும்போது தம்மை அடக்கிக்கொள்கிறவரே வலிமையானவர் என்பது அதன் கருத்து. இதை மனத்தில் இருத்திக் கற்பிப்பவரையும், தெருவில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை.

இதற்கு ஈடான தமிழ்ச் சொல் எது? 'பயிற்சியாளர்' அரசு ஆணைக்கும் விளையாட்டுச் செய்திக்கும் பொருந்தும். ஆனால் உடலைப் பழக்குவதோடு அதன் பொருள் நின்றுவிடுகிறது, ஒழுக்கம் கற்பிப்பவர் என்ற பொருள் அதில் வருவதில்லை. மதுரைச் சிலம்பக் கூடங்களில் இயல்பாக வழங்கும் 'வாத்தியார்' மரியாதையும் நெருக்கமும் உள்ள நல்ல சொல். வடமொழி உபாத்தியாயர் என்பதன் திரிபாக இருந்தாலும் தமிழாகவே பழகிவிட்டது. தென்மாவட்டங்களில் ஆசிரியரைக் குறித்த 'அண்ணாவி' அழகான சொல்லாயினும் இப்போது அருகிவிட்டது. என் தேர்வு 'ஆசான்'. கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை என்னும் போர்க்கலையும் வர்மமும் கற்பிப்பவரை இன்றும் ஆசான் என்றே அழைக்கிறார்கள். மாதவிக்கு ஆடல் கற்பித்தவரைச் சிலப்பதிகாரம் 'ஆடற்கு அமைந்த ஆசான்' என்கிறது. எழுத்து கற்பிப்பவருக்கும் உடற்கலை கற்பிப்பவருக்கும் பொதுவாக வழங்கியிருப்பதால், உஸ்தாதின் முழுப்பொருளும் ஆசானுக்குள் அடங்குகிறது. 'சிலம்ப ஆசான்', 'குஸ்தி ஆசான்', 'கராத்தே ஆசான்' என எழுதுவதில் எந்த இடர்ப்பாடும் இல்லை. நேரில் வஸ்தாது என்று விளித்துப் பழகியவர்கள் அந்த விளியை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

பெண்பாலுக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு வேண்டும். அரபு மொழியில் பெண் ஆசிரியருக்கு 'உஸ்தாதா' என்ற வடிவம் உண்டு. ஆண்களே நிறைந்திருந்த குஸ்திக் களத்தில் பழகிய வஸ்தாதுக்குத் தமிழில் அப்படியொரு பெண்பால் வடிவம் ஏற்படவில்லை. ஆசான் என்பதும் ஆண்பால் ஈறு பெற்றதே. சிறுமிகளுக்குச் சிலம்பமும் கராத்தேயும் கற்பிக்கும் பெண்களைப் பற்றி எழுதும்போது, இருபாலுக்கும் பொதுவான 'ஆசிரியர்' என்ற சொல்லைக் கலையின் பெயரோடு சேர்த்து எழுதுவதே இப்போதைக்குப் பொருத்தமாக இருக்கும்.