இரவு 10 மணிக்கு மேல் பக்கத்து மனையில் இயந்திரம் ஓடினால்: டெசிபல் வேண்டாம், கடிகாரம் போதும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டிய மனையில் ஐந்து மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தளம் போடும் நாட்களில் இரவு பதினொன்றரை மணிவாக்கில் ரெடிமிக்ஸ் லாரி பின்பக்கமாகத் தெருவுக்குள் நுழையும். அடுத்த பத்து நிமிடத்தில் கான்கிரீட் பம்ப் உறுமத் தொடங்கும். அதோடு சேர்ந்து, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர். அதன் ஓசையைக் காதை மூடித் தடுத்துவிட முடியாது. அது தரை வழியாக வந்து கட்டில் காலில் ஏறும். சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி, விடிய விடிய நடுங்கிக்கொண்டிருக்கும். எண்பது வயதைத் தாண்டிய என் தாயார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் எத்தனை லாரிப்பா வரும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் இரவே 100க்கு அழைத்தேன். ரோந்து வாகனம் வந்தது, பம்ப் நின்றது, வாகனம் போனது, பம்ப் மீண்டும் ஓடியது. இரண்டாம் முறை வந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார்: "சார், அவர்களிடம் கட்டட அனுமதி இருக்கிறது. சத்தம் எத்தனை டெசிபல் என்று அளந்து எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்." அவர் சொன்னது சரி என்று நம்பி, கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தேன். அந்த இரண்டு மாதமும் வீண். சட்டம் அப்படி எதையும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதே சுவரில் மற்றவர்கள் முட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய அரசு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ் கொண்டுவந்தவை ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. கோயில் திருவிழா ஒலிபெருக்கி, பட்டாசு என்று பேச்சு வரும்போதெல்லாம் செய்தித்தாளில் அடிபடுவது இந்த விதிகள்தான். இவற்றின்படி பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. இரவு என்பது இரவு 10 முதல் காலை 6 வரை.

2010இல் இந்த விதிகளைத் திருத்தியபோது 5ஏ என்ற புதிய விதியைச் சேர்த்தார்கள். அதன் மூன்றாவது உட்பிரிவு ஒரே வரிதான்: ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளைக் குடியிருப்புப் பகுதியிலும் அமைதி மண்டலத்திலும் (மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றின் சுற்றுப்பகுதி) இரவு நேரத்தில் பயன்படுத்தவோ இயக்கவோ கூடாது. 'இத்தனை டெசிபலுக்கு மேல்' என்ற சொல் அதில் இல்லை. 'அனுமதி பெற்றிருந்தால் தவிர' என்பதும் இல்லை. அதே விதியில் வாகன ஹாரனைப் பற்றிய உட்பிரிவு பொது அவசரநிலைக்கு விலக்கு தருகிறது. கட்டுமானக் கருவிகளுக்கு அந்த விலக்குகூடத் தரப்படவில்லை.

இதைவிட முக்கியமானது, அதே திருத்தம் விதி 7இல் செருகிய சில சொற்கள். புகார் செய்யும் உரிமையைப் பேசுவது விதி 7. முன்பு, அந்தப் பகுதிக்கு வகுத்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால்தான் புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. காவலர் என்னிடம் கேட்டது இந்தப் பழைய பாதியைத்தான். 2010க்குப் பிறகு, இரவு நேரக் கட்டுப்பாடுகளை மீறினாலும் புகார் செய்யலாம் என்று அதில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே பம்ப் ஓடியது, மணி பத்தைத் தாண்டியிருந்தது, இடம் குடியிருப்புப் பகுதி என்ற மூன்றையும் காட்டினால் போதும்.

டெசிபல் வழியில் போகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு வகுத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். ஆனால் இது ஒரு குறிப்பிட்ட கால அளவில் பரவிய ஒலியாற்றலின் சராசரி, ஒரு நொடியில் முள் தொட்ட உச்சம் அல்ல. வைப்ரேட்டர் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் ஓயும். ஒவ்வொரு முறையும் உங்கள் தூக்கம் கலையும், சராசரியோ தணிந்து தெரியும். கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிடும்: இந்தக் கருவி அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா? மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளவீடு செய்ய ஆள் அனுப்பும் இரவில் மனை அமைதியாக இருக்கலாம். கடிகாரத்தோடு யாரும் வாதாட முடியாது.

"அனுமதி இருக்கிறது" என்ற பதில்

கட்டட அனுமதி என்பது எத்தனை மாடி, எவ்வளவு பக்க இடைவெளி, எத்தனை வாகன நிறுத்தம் என்பவற்றுக்கானது. மத்திய அரசின் விதி தடுத்த நேரத்தில் இயந்திரம் ஓட்டும் உரிமையை அது யாருக்கும் தருவதில்லை. அப்படி ஒரு தாள் இருப்பதாகச் சொன்னால், காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரைபட அனுமதியைத்தான் நீட்டுவார்கள்.

பெரிய கட்டுமானம் என்றால் உங்கள் கை இன்னும் வலுவானது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள திட்டங்கள், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும், ஒலி அளவு பற்றியும் வழக்கமாக இருக்கும். நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பதாக நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். கடிதத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு பதிலும் வரும்: "இது குடியிருப்புப் பகுதியே இல்லை, வணிகப் பகுதி." பெருநகரச் சாலைகளை ஒட்டிய இடங்களில் இது உண்மையாகவும் இருக்கலாம். சென்னைப் பெருநகரப் பகுதியில் இருப்பவர்கள், தங்கள் சர்வே எண் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் எந்த நிலப்பயன்பாட்டில் வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. முதன்மைக் குடியிருப்பு என்று இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலைப் புகாரோடு இணைத்துவிடுங்கள்.

யாரிடம் போவது

100 அல்லது 112க்கு அழைப்பது அந்த இரவுக்கு மட்டும் உதவும். அழைப்பதை நிறுத்த வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பதிவு உண்டு. ஆனால் தடை உத்தரவு போடும் அதிகாரம் ரோந்து வாகனத்தில் வருபவரிடம் இல்லை. விதிகள் 'அதிகாரி' என்று குறிப்பிடுவது மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், இதற்கென நியமிக்கப்பட்ட, துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அலுவலர் ஆகியோரை. சென்னை, தாம்பரம், ஆவடி போன்ற ஆணையரக எல்லைக்குள் இருப்பவர்கள் காவல் ஆணையருக்கு எழுத வேண்டும். மற்றவர்கள் ஆட்சியருக்கு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரிலும் கொடுக்கலாம். விதி 8இன்படி இந்த அதிகாரி, காவல் நிலைய அறிக்கையை வைத்தோ புகார்தாரர் தரும் தகவலை வைத்தோ, ஒலியைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் எழுத்துப்பூர்வமான உத்தரவு போடலாம்.

நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். அந்தச் சிறு தாள் இருந்தால்தான் பின்னால் 'புகாரே வரவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொரு நகலைத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முதல்வரின் முகவரி உதவி எண்ணான 1100இலும் சென்னை மாநகராட்சியின் 1913இலும் பதிவு செய்யலாம். இவை நள்ளிரவில் பம்பை நிறுத்தமாட்டா. கோப்பு நகராமல் கிடக்கும்போது அழுத்தம் கொடுக்கப் பயன்படும்.

புகார் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை, பரீட்சை, இதய நோய் எல்லாம் உண்மையே என்றாலும் அவற்றை முதல் பத்தியில் வைத்தால் அது வேண்டுகோளாகப் படிக்கப்படும். நாங்கள் கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:

"எங்கள் தெரு குடியிருப்புப் பகுதி. பக்கத்து மனையில் நடக்கும் கட்டுமானத்தில் கீழ்க்கண்ட தேதிகளில் இரவு 10 மணிக்குப் பிறகு கான்கிரீட் பம்பும் வைப்ரேட்டரும் இயக்கப்பட்டன. இது ஒலி மாசு விதிகள் 2000இன் விதி 5ஏ(3)ஐ மீறிய செயல். விதி 7இன்கீழ் இந்தப் புகாரை அளிக்கிறோம். விதி 8இன்கீழ், இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுமான இயந்திரங்களை இயக்கத் தடை விதித்து எழுத்துப்பூர்வமாக உத்தரவிடக் கோருகிறோம்."

அதன்கீழே தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த இயந்திரம் என்ற நான்கு பத்திகளில் ஒரு பட்டியல். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. சன்னலிலிருந்து எடுத்த காணொளிகள், ஒவ்வொன்றிலும் முதலில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டு மனையைக் காட்டும்படி. இந்தக் கடிகார யோசனை மூன்றாம் மாடியில் இருக்கும் கல்லூரி மாணவியுடையது. விசாரணைக்கு அழைத்த அதிகாரி வேறெதையும் கேட்காமல் அந்தக் காணொளிகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கட்டுபவர் பக்கத்து நியாயம்

இரவில் தளம் போடுவதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும். நகருக்குள் பகலில் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. ரெடிமிக்ஸ் கலவையை லாரியில் ஏற்றியதிலிருந்து ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், போக்குவரத்து நெரிசலில் சிக்கினால் அது வீண். தளத்தைப் பாதியில் நிறுத்தவும் முடியாது. இறுகிய கான்கிரீட்டின்மேல் புதியதைக் கொட்டினால் இரண்டும் சரியாக ஒட்டாது, அந்த இணைப்பில் நீர் கசியும். ஆகவே நள்ளிரவில் போய் "உடனே நிறுத்து" என்றால் பொறியாளர் பதறுவார், சண்டைதான் வரும்.

ஆனால் இவை எல்லாம் எப்போது தொடங்குவது என்பதற்கான கணக்குகள். முற்பகலில் தொடங்கி இரவு 10க்குள் முடியும் அளவுக்குத் தளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, இணைப்பு எங்கே வர வேண்டும் என்று வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுச் செய்ய முடியும். செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவை எங்கள் தூக்கத்தில் கழித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. வேலை செய்கிற தொழிலாளர்களிடம் யாரும் கோபத்தைக் காட்ட வேண்டாம். தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் அவர்களுக்கும் அந்த இரவு தூக்கம் கிடையாது.

இந்த 5ஏ விதியால் ஆகாதவையும் உண்டு. இரவில் லாரியிலிருந்து கம்பியைத் தெருவில் தள்ளுவது, சென்டரிங் பலகையைச் சுத்தியலால் அடித்துப் பிரிப்பது போன்றவற்றைக் 'கட்டுமானக் கருவி' என்ற சொல்லுக்குள் கொண்டுவருவது கடினம். புகாரில் விதி 8ஐச் சேர்த்து எழுதுவது இதற்காகவும்தான். சத்தம் உண்டாக்கும் எந்தத் தொழிலையும் செயல்முறையையும் அது தொடும். குடியிருப்புக்குள்ளேயே ஒரு வீட்டில் நடக்கும் சீரமைப்பு வேலைக்கும் இரவுத் தடை பொருந்தும். டைல்ஸ் வெட்டும் இயந்திரமும் கருவிதான். ஆனால் பிற்பகல் 2 மணிக்குத் துளை போட்டால் விதி 5ஏ உதவாது. அங்கே குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகள்தான் துணை. வேலை நேரமும் விடுமுறை நாளும் அதில் எழுதப்படவில்லை என்றால், அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள்.

தண்டனை பற்றி ஒரு திருத்தம். ஒலி மாசு விதிகளை மீறினால் 5 ஆண்டு சிறை என்று பல இடங்களில் இன்னும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதே நிலை. அதை விதிப்பவரும் நீதிமன்றமல்ல, அரசு நியமிக்கும் தீர்ப்பளிக்கும் அதிகாரி. ஆகவே சிறைக்கு அனுப்புவோம் என்று மிரட்டுவதால் பயனில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பொதுத்தொல்லைப் பிரிவுகள் உண்டு. பிரிவு 292இல் அபராதம் 1,000 ரூபாய்தான். தொல்லையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தபிறகும் தொடர்ந்தால் பிரிவு 293இன்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. எழுத்துப்பூர்வமான உத்தரவுக்காக நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். அந்த உத்தரவைக் கோட்டாட்சியரிடமும் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152 அதற்கான வழி.

எங்கள் வழக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. அதிகாரியின் முன் கட்டுமான நிறுவனம் எழுதிக் கொடுத்தது, மீதி இரண்டு தளங்களும் இரவு 10க்குள் முடிந்தன. இதிலும் நிற்காவிட்டால் சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். அங்கே ஒரு காலக்கெடு இருக்கிறது: பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தருவார்கள். அந்தக் கணக்கு, கடைசியாகச் சத்தம் கேட்ட இரவிலிருந்து அல்ல, முதல் இரவிலிருந்து ஓடுகிறது. எனவே பம்ப் முதன்முதலில் ஓடும் அன்றே ஒரு நோட்டை எடுத்துத் தேதியையும் மணியையும் எழுதிவிடுங்கள்.