இரைச்சலை நீக்குவது கோடெக்குக்கு முன்பா, பின்பா?

இரைச்சல் நீக்கும் முறைகளைப் பலர் மைக்கில் பதிவான ஒலியிலேயே சோதித்து முடிவெடுத்துவிடுகிறார்கள். தொலைபேசியில் கேட்பவருக்கோ, கோடெக் என்னும் குறியீட்டு முறை சுருக்கி, மறுபடி உருவாக்கிய ஒலிதான் போகிறது.

ஜி.711 என்ற தொலைபேசிக் கோடெக்கில் சிக்கல் குறைவு. வினாடிக்கு 8000 சாம்பிள் (ஒலியலையின் அளவீடு), ஒவ்வொன்றுக்கும் 8 பிட். மொத்தம் 64 கிலோபிட். அலைவடிவமே போவதால் மறுமுனையில்கூட இரைச்சலை நீக்கலாம். இன்னும் அதிகமாகச் சுருக்கும் ஜி.729 கோடெக்கில் 10 மில்லிவினாடிக்கு 80 பிட்தான். குரல்பாதையைக் குறிக்கும் 10 குணகங்கள், சுருதி, கிளர்வொலி (குரல்பாதையைத் தூண்டும் ஒலி) எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒருவர் பேசுகிறார் என்ற அனுமானத்தில் அமைந்த மாதிரி அது. ஜெனரேட்டர் சத்தம் கலந்தால் குணகங்கள் விலகும், சுருதிக் கணிப்பு தடுமாறும். அப்படிச் சிதைந்த பேச்சைப் பின்னால் வடிகட்டி மீட்க முடியாது. ஆகவே நீக்கம் கோடெக்குக்கு முன்பே நடக்க வேண்டும்.

ஒற்றை மைக்குக்கு எளிய வழி, ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் 1979-இல் முன்வைத்த நிறமாலைக் கழித்தல்: ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சலின் அளவைக் கழிப்பது. ஒலியை 256 சாம்பிள் கொண்ட ஃப்ரேம்களாக (சிறு துண்டுகளாக) வெட்டி, ஓரங்களை மெல்லத் தணிக்கும் ஹான் சாளரம் இட்டு, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியவிட வேண்டும். பேச்சில்லாத ஃப்ரேம்களில் எடுத்த இரைச்சல் சராசரியைக் கழிக்க வேண்டும். கழித்தபின் அங்கங்கே எஞ்சும் முகடுகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறிக் கிணுகிணுக்கும். இருக்கிற கொஞ்சப் பிட்டுகளையும் கோடெக் அவற்றுக்குச் செலவழிக்கும். அதனால் முழுக்கத் துடைக்காதீர்கள். 10 முதல் 12 டெசிபல் குறைத்தால் போதும். எஃப்ரைம், மாலா என்ற ஆய்வாளர் இருவரின் 1984 முறையில் முந்தைய ஃப்ரேமின் மதிப்புக்கு 0.98 அளவு எடை தருவதால் கிணுகிணுப்பு பெரிதும் அடங்குகிறது. கணக்குச் சுமை சற்றுக் கூடினாலும் குறைந்த பிட் வேகத்துக்கு இதையே பரிந்துரைப்போம்.

பேச்சுக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று என இரண்டு மைக் இருந்தால், இரைச்சல் மைக்கின் ஒலியைக் கொண்டு தன்னைத்தானே திருத்திக்கொண்டு இரைச்சலைக் கழிக்கும் எல்.எம்.எஸ். தகவமைவு வடிகட்டி கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இரைச்சல் மைக்கில் பேச்சு கசிந்தால் வடிகட்டி பேச்சையே கழித்துவிடும். பேசும்போது அதன் புதுப்பித்தலை நிறுத்திவையுங்கள். எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வரும் இடத்தில், மைக்குகள் 20 செ.மீ. தள்ளியிருந்தால், சுமார் 850 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டின் இரைச்சலுக்கும் தொடர்பே அநேகமாக இராது. தொடர்பில்லாததை எந்த வடிகட்டியும் கழிக்காது. காருக்குள் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

சோதிக்கும்போது படம், தடம், கடம், மடம் போன்ற சொற்களைப் பதிவுசெய்து, பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 0, 5, 10 டெசிபல் ஆகும்படி இரைச்சல் கலந்து, நீக்கி, கோடெக் வழியாக அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். வல்லினத்தின் வெடிப்பொலி மிகக் குறுகியது; மிகையாக நீக்கினால் முதலில் தொலைவது அதுதான். கேட்பவர் எத்தனை சொல்லைத் தவறாக எழுதினார் என்று எண்ணி, நீக்காமல் அனுப்பிய பதிவின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.