எமுலேட்டரில் 4096 என்று எழுதும் முன்

எமுலேட்டர் என்பது ஒரு கணினியை இன்னொன்றுக்குள் சாஃப்ட்வேராகவே நடித்துக்காட்டும் ப்ரோகிராம். அதன் சோர்ஸ் கோடை ரிவ்யூ செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது 4096 என்ற எண்ணைத்தான். மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டுக்குப் பேஜ் என்று பெயர்; 4096 பைட் என்பது 4 கேபி. இது யாருடைய பேஜ் அளவு? கெஸ்டின் (எமுலேட்டருக்குள் ஓடும் சிஸ்டம்) பேஜ் டேபிளில் (எந்த முகவரி மெமரியில் எங்கே என்ற பட்டியல்) இருப்பதா, எமுலேட்டரின் டிஎல்பியில் (அந்தப் பட்டியலில் அண்மையில் பார்த்தவற்றின் கேஷ்) ஒரு வரிக்கு உரியதா, ஹோஸ்ட் (எமுலேட்டர் ஓடும் நிஜக் கணினி) கர்னலுடையதா? எக்ஸ்86 கணினியில் எக்ஸ்86 கெஸ்டை ஓட்டிப் பார்க்கும்போது மூன்றும் பெரும்பாலும் 4 கேபியாகவே அமைந்துவிடும். அதனால்தான் இந்தக் குழப்பம் பல காலம் வெளியே தெரிவதில்லை.

அதிகம் அடிபடுவது பெரிய பேஜில். 64 பிட் எக்ஸ்86-இல் 2 எம்பி, 1 ஜிபி பேஜ்களும் உண்டு. கியூஎமு போன்ற எமுலேட்டர்கள் வேகத்துக்காக டிஎல்பியில் எல்லாவற்றையும் 4 கேபி வரிகளாகவே வைக்கும். கெஸ்ட் தொடத் தொட, ஒரு 2 எம்பி பேஜ் 512 வரிகள் வரை சிதறிக் கிடக்கும். இப்போது கெஸ்ட் கர்னல் அந்தப் பேஜை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அதற்குள் ஏதோ ஒரு முகவரிக்கு ஐஎன்விஎல்பிஜி (அந்த முகவரியின் டிஎல்பி பதிவை அழி என்னும்) கட்டளையை ஒரே ஒரு முறை இயக்குகிறது. நிஜ ப்ராசஸரில் அது போதும். 2 எம்பிக்கான பதிவுகள் அத்தனையும் போய்விடும். எமுலேட்டர் ஒரு வரியை மட்டும் அழித்தால், மீதி 511 வரை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். உடனே எதுவும் நின்றுபோகாது. வேறொரு ப்ரோகிராமின் மெமரியில் தவறாக எழுதப்பட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் கெஸ்ட் கிராஷ் ஆகும். பூட்டிய பேஜில் எழுத முடிந்தால் அது பாதுகாப்பு ஓட்டையும்கூட.

கியூஎமுவின் தீர்வு எனக்குப் பிடித்தது. பெரிய பேஜ்கள் இருக்கும் பகுதியை ஒரு முகவரி, ஒரு மாஸ்க் (பகுதியின் அளவைக் குறிக்கும் பிட் வரிசை) என்று குறித்துக்கொள்கிறது. இன்னொரு பெரிய பேஜ் வேறிடத்தில் வந்தால், இரண்டும் அடங்கும் வரை மாஸ்க் விரிகிறது. ஃப்ளஷ் (டிஎல்பி பதிவை அழித்தல்) கேட்ட முகவரி அதற்குள் விழுந்தால், அந்த எம்எம்யு மோடின் (கர்னல், யூசர் போன்ற அணுகல் நிலை) டிஎல்பி முழுவதையும் துடைத்துவிடுகிறது. வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும், முதலில் சரியாக ஓட வேண்டும்.

சின்ன பேஜிலும் சிக்கல் உண்டு. ஆர்ம்வி7-எம் சில்லுகளில் எம்பியு (மெமரி பாதுகாப்பு அலகு) பகுதி 32 பைட் வரை சிறிதாகலாம். அப்போது ஒரே டிஎல்பி வரிக்குள் இரண்டு வகை உரிமைகள் வந்துவிடும். அந்த வரியை நம்பாமல் ஒவ்வொரு அணுகலையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அப்புறம் ஹோஸ்ட். ஆப்பிள் எம்1 கணினிகளில் அசாஹி லினக்ஸ் கர்னல் 16 கேபி பேஜில் ஓடுகிறது. அடுத்தடுத்த 4 கேபி பேஜ்களுக்கு எக்ஸ்86 ப்ரோகிராம் வெவ்வேறு உரிமை கேட்டால், ஹோஸ்டின் எம்ப்ரொடெக்ட் (பேஜ் உரிமையை மாற்றும் கர்னல் அழைப்பு) 16 கேபிக்குக் கீழே பிரித்துப் பூட்டாது. எக்ஸ்86 விளையாட்டுகளுக்கு அசாஹி குழு 4 கேபி கர்னல் கொண்ட ஒரு சிறு விர்ச்சுவல் மெஷினையே இடையில் வைத்தது. ஹோஸ்டின் அளவை ஓடும்போது கர்னலிடமே கேட்டு வாங்குங்கள்.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கெஸ்டில் ஒரு 2 எம்பி பேஜை மேப் செய்து, 4 கேபி இடைவெளியில் பல இடங்களை வாசியுங்கள். பேஜ் டேபிளை வேறு மெமரிக்குத் திருப்பி, நடுவில் ஒரே முகவரிக்கு ஃப்ளஷ் கொடுத்து, அத்தனையையும் திரும்ப வாசியுங்கள். ஓர் இடத்தில் பழைய மதிப்பு வந்தாலும் வெளியீட்டைத் தள்ளிவையுங்கள்.