சான்றிதழில் கிரேடு 5, கையில் எவ்வளவு?

போன மாதம் என் பியானோ வகுப்புக்கு ஒரு அப்பா தன் பையனை அழைத்து வந்தார். லண்டன் ட்ரினிட்டி கல்லூரி படிப்படியாக, கிரேடு கிரேடாக நடத்தும் பியானோ தேர்வில் கிரேடு 5, அதுவும் மெரிட். "நேரா கிரேடு 6 ஆரம்பிச்சிடலாமா, மேடம்?" என்றார். பையன் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தை எடுத்து வைத்தேன். கிரேடு 2 அளவுதான். நான்கு பார் (தாளக் கட்டம்) கூடத் தாண்டவில்லை; முகம் வாடிவிட்டது. சரி, தேர்வுக்கு வாசித்த பீஸை (இசைப் பகுதியை) வாசி என்றேன். அருமையாக வாசித்தான்.

மதிப்பெண் பிரிப்பைப் பார்த்தால் இது புரியும். ட்ரினிட்டியில் மொத்தம் 100. மூன்று பீஸுக்குத் தலா 22, ஆக 66. ஸ்கேல் (சுர வரிசை) போன்ற டெக்னிகல் பகுதிக்கு 14, மீதி 20 இரண்டு சிறு தேர்வுகளுக்கு. 60 வந்தால் பாஸ், 75 வந்தால் மெரிட். கிரேடு 5 வரை அந்தச் சிறு தேர்வுகளை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், சைட் ரீடிங்கை, அதாவது புதுப் பக்கத்தைப் பார்த்தவுடன் வாசிப்பதை, தொடாமலே ஐந்து கிரேடு ஏறிவிட முடியும். ஆறாவதில் அது கட்டாயம். வருடத்துக்கு மூன்று பீஸை மனப்பாடமாக ஏற்றிவிட்ட பிள்ளைகள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வைக் குறை சொல்லவில்லை. அதை மட்டுமே பாடத்திட்டமாக்கிவிட்ட ஆசிரியர்களான எங்களைத்தான் சொல்கிறேன்.

கிரேடு என்பது அந்த பீஸ் எவ்வளவு கடினம் என்பதற்கான அளவு. அதிலும் குழப்பம் உண்டு. மொசார்ட் 1788-ல் எழுதிய சி மேஜர் சொனாட்டாவை 'ஆரம்பநிலையினருக்கு' என்றுதான் தன் பட்டியலில் குறித்தார். ஆரம்ப மாணவர் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள்! பீத்தோவனின் 'ஃப்யூர் எலீஸ்' இன்னொரு வம்பு. எல்லோரும் வாசிக்கும் முதல் பகுதி எளிது. நடுவில் வேகமான சுரங்கள் வரும் இடத்தில்தான் விரல்கள் சிக்கும். ஒரு பீஸின் கடினம் அதன் கடினமான பக்கத்தில்தான் இருக்கிறது. நம் கர்நாடக சங்கீதத்திலும் ஆதி தாள வர்ணம், அட தாள வர்ணம் இரண்டுக்கும் பெயர் வர்ணம்தான், உழைப்பு ஒன்றா?

கீபோர்டு கிரேடும் பியானோ கிரேடும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் தாளத்தையும் பின்னணியையும் கருவியே பார்த்துக்கொள்ளும், இடது கை பெரும்பாலும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் போதும். பியானோவில் அந்த இடது கைக்கும் தனி வேலை. கீபோர்டில் கிரேடு 5 முடித்த பிள்ளையைப் பியானோவில் கிரேடு 2-ல் உட்கார வைத்தால் கோபப்படாதீர்கள்.

நான் பார்க்கும் கணக்கு எளியது. தன் கிரேடுக்கு இரண்டு படி கீழே உள்ள புதுப் பக்கத்தைத் தட்டுத்தடுமாறியாவது முடிக்க வேண்டும். தன் கிரேடு பீஸ் ஒன்றை ஐந்தாறு வாரத்தில் ஒப்பேற்ற முடிய வேண்டும். ஒரே பீஸில் எட்டு மாதம் ஓடினால், அந்தக் கிரேடு இன்னும் அவனுடையது இல்லை.

அந்த அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். இந்த வருடம் தேர்வுக்குக் கட்ட வேண்டாம் என்றதும் கொஞ்சம் யோசித்தார், அப்புறம் சம்மதித்தார். பையன் இப்போது கிரேடு 2 புத்தகத்தில் தினமும் ஒரு புதுப் பக்கம் வாசிக்கிறான். நேற்று பதினோரு பார் நிற்காமல் போனான்.